நாலாவது போல்ட்

மூன்று வந்துவிட்டது.
ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறி
முனகிக்கொண்டாவது வந்துவிட்டது.
நாலாவது
ஸ்பானருக்குச் சட்டென்று இடம் கொடுத்தபோதே தெரிந்தது,
இளகவில்லை, இற்றுவிட்டது.
தலை என் கையில்.
உடம்பு சேசிஸில்.

ஆறு மாசம் உப்பு, அறுவடைக்கு நெல்.
அகஸ்தியம்பள்ளியிலிருந்து திருத்துறைப்பூண்டி வரை
சொட்டிக்கொண்டே வரும் வண்டிக்குத்
துரு ஒரு வியாதியில்லை,
சம்பளம் வாங்காத கிளீனர்.

வந்தது பட்டை மாற்ற.
மூன்றாவது இலை முறிந்த பட்டை
சாக்கு மேல் சாய்ந்து கிடக்கிறது.
அது இரண்டு மணி நேர வேலை.
இதற்கு யார் கணக்குச் சொல்வது?

தையல்நாயகி போன் செய்கிறாள்:
"மூட்டையெல்லாம் களத்துல கெடக்கு ஜெகபரு,
மேற்க கருக்குது.
ஈரம் ஏறிட்டா கொள்முதல்ல திருப்பி விட்டுருவான்."
"இதோ" என்கிறேன்.
என் பட்டறையில் அதிகம் தேய்ந்த சாமான்
அந்த இதோதான்.

குச்சத்தின் மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்தேன்.
ஆறவிட்டுத் திருப்பினால்
நட்டு மட்டும் வந்தது.
பஞ்ச் வைத்து நடுவில் டிரில் போட்டேன்.
கரண்ட் போனது.
டீ குடித்தேன்.
கரண்ட் வந்தது, பிட் உள்ளேயே முறிந்தது.
கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப்போய்
பாதாளக்கரண்டியும் விழுந்த கதை.

அப்போதுதான் வாய்விட்டு வைதேன்:
எந்தப் படுபாவி முறுக்கினான் இதை,
மரை கோணலென்று கூடப் பார்க்காமல்?

வேறு வழியில்லை.
நிறைய டீசல் இருக்கிறதே என்று
காலையிலிருந்து தள்ளிப்போட்ட டேங்கை இறக்கினேன்.
அதன் பின்னால் நட்டு.
நட்டைச் சுற்றி மூன்று பொட்டு வெல்டிங்.
மூன்றாவது பொட்டு கீழே வழிந்திருந்தது.

என் ஹோல்டர் கேபிள் குட்டை.
படுத்துக்கொண்டு வைத்தால்
மூன்றாவது எப்போதும் வழியும்.

கஜா அடித்த நாலாம் நாள்.
பட்டறைக்குக் கூரையில்லை.
தண்ணீர் கேனும் தார்ப்பாயும் ஏற்றிய இதே வண்டி
இன்ஜினை அணைக்காமல் நின்றது.
கோணல் என்று தெரியும்.
தெரிந்தே ஸ்பானரில் குழாய் மாட்டித் தொங்கினேன்.
"ஒரு வாரம் தாங்கினாப் போதும்."
இத்தனை வருஷம் தாங்கியிருக்கிறது, கழுதை.

கிரைண்டரில் அந்த மூன்று பொட்டையும் சீவினேன்.
பின்னாலிருந்து நாலு தட்டு.
பிட்டும் குச்சமும் ஒன்றாக விழுந்தன,
கட்டிப்பிடித்தபடி.
ஓட்டை முட்டையாகிப் போயிருந்தது.
பதினாலுக்கு விரித்துப் புது போல்ட்,
கையால் நாலு சுற்று ஏறிய பிறகே ஸ்பானர்.
வெல்டிங் வைக்கவில்லை, லாக் நட்டு.
அடுத்து அவிழ்ப்பவனும் நானாக இருக்கலாம்.

தூறலோடு வந்தாள்.
"எவன் செஞ்ச வேலையாம்?"
போனில் நான் வைததைக் கேட்டிருக்கிறாள்.

"நான்தான்."

பணத்தை ஒருமுறை எண்ணினாள்.
இரண்டு நோட்டை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.
"பிட்டு ஒன் கணக்கு."

வண்டி மேடு இறங்கியது.
நான் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன்.
கிரீச் இல்லை.
இதுவரை இல்லை.