வரி ஒன்று, இடம் ஒன்று

ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்.
பாண்டுப்பில் ரயில் நிற்காதென்று
முலுண்டிலேயே இறக்கிவிட்டார்கள்.
மழையில் ஆட்டோ பிடித்து,
ஆளில்லாத ஆபீசில்
விளக்கை நானே போட்டுக்கொண்டேன்.

பிவண்டி கிடங்கின் மருந்துப் பட்டியல்
வியாழனிலிருந்து உள்ளே வரவில்லை.
சின்ன எக்ஸ்எம்எல் கோப்புகள்தான்.
பார்சர் மூன்று நாளாகச் சொல்வது ஒரே வாக்கியம்:
வரி ஒன்று, இடம் ஒன்று,
இங்கே ஏதோ சரியில்லை.

அந்த இடத்தில் இருப்பது ஒரு கோண அடைப்பு.
எல்லாக் கோப்பும் அதில்தானே தொடங்கும்?
என் கணினிக்கு இழுத்துப் போட்டால்
சமர்த்தாகத் திறக்கிறது:
பெட்டிக்குள் அட்டை, அட்டைக்குள் மாத்திரை,
திறந்தது எல்லாம் மூடியிருக்கிறது.
பிவண்டியில் இருக்கும்போது மட்டும் கெட்டுப்போகிறது.
கோப்புக்கும் ஊர்த்தண்ணீர் சேராதா என்ன?

ஹர்ஷல் போயிருக்கு போன் போட்டேன்.
என் ஹிந்தியில் ஆண்பாலும் பெண்பாலும்
நினைத்த இடத்தில் உட்காரும்.
ஒரு வாக்கியத்தையாவது ஒழுங்காக மூடினேனா தெரியாது.
அவன் பார்சர் இல்லை,
புரிந்துகொண்டான்.

புதன் ராத்திரி கரண்ட் போனதாம்.
சர்வர் எழுந்தபோது இசட் டிரைவைக் காணோமாம்.
எப்படி இருக்கும்?
இசட் என்பது ஹர்ஷல் உள்ளே வந்தால் மட்டும் இருக்கிற டிரைவ்,
வீட்டுக்குள் கூப்பிடுகிற பேர்.
போஸ்ட்மேனுக்கு அது தெரியாது.
அதனால் அவன் முழு விலாசம் எழுதியிருக்கிறான்:
சாய்ந்த கோடு இரண்டு, சர்வர் பேர்,
மறுபடி ஒரு கோடு, ஃபோல்டர் பேர்.
சரியாகத்தான் எழுதியிருக்கிறான்.
நான்கு முறை எழுத்துக்கூட்டச் சொன்னேன்,
பிறகு மன்னிப்பும் கேட்டேன்.

சாயங்காலம் ஐந்தேகாலுக்கு,
வேறு வழியில்லாமல்,
பழைய நிரலைக் கடைசியிலிருந்து மேலாகப் படித்தேன்.
ரெஜினால்ட் டிமெல்லோ எழுதியது.
இப்போது மஸ்கட்டில் இருக்கிறார்.
ஒரு வரி:
இரண்டாவது எழுத்து முக்காற்புள்ளியானால் அது கோப்பின் பாதை,
இல்லையென்றால் அதுவே எக்ஸ்எம்எல்.
பக்கத்தில் ஒரு குறிப்பு:
தற்காலிகம்.
ஒன்பது வருஷத் தற்காலிகம்.

சி முக்காற்புள்ளி, போ.
இசட் முக்காற்புள்ளி, போ.
சாய்ந்த கோட்டில் தொடங்கினால்,
போகாதே. இங்கேயே நின்று அதைப் படி.

கடிதம் வாங்கிவரச் சொல்லி
விலாசச் சீட்டைக் கொடுத்தேன்.
அது வாசலைத் தாண்டவே இல்லை.
சீட்டையே உற்றுப் பார்த்து
இது கடிதம் இல்லை என்றது.
மூன்று நாளும் அது சொன்னது உண்மைதான்.
வரி ஒன்று, இடம் ஒன்றில் இருந்தது
பிவண்டியின் முதல் கோடு.

திருத்த நான்கு நிமிஷம்.
அதிலும் கோடு ஒன்று வேண்டுமானால்
இரண்டாக எழுத வேண்டும்,
பாதி பிடித்தம் போகும், சம்பளம் மாதிரி.

நூற்றுப் பதினேழு கோப்புகள்
ஒவ்வொன்றாக உள்ளே வந்தன.
நூற்றுப் பதினெட்டாவது மட்டும்
வரி இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நின்றது:
திறந்தது மூடப்படவில்லை.

எனக்கு அந்தப் பிழையைப் பிடித்திருந்தது.
அவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறதே.

மறுபடி ஹர்ஷல்.
பின்னால் மழை தகரக் கூரையை அடித்துக்கொண்டிருந்தது.
கெட்டுப்போகவில்லை, என்றான்,
இங்கே லைன் மந்தம்,
அது இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது,
கொஞ்சம் பொறுங்கள்.

பொறுப்பதை நிரலில் எழுத வேண்டும்.
அது நாளைக்கு.
இப்போதைக்குக் கையைக் கட்டிக்கொண்டு
பாதி வந்த கோப்பைப்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
கீழே, தண்டவாளத்தில்,
நாளின் முதல் ஸ்லோ ரயில்.