ஐம்பத்தைந்து குன்றிமணி

சமையல் மேசைமேல் தராசு.
முதலில் என் மோதிரத்தை வைத்துப் பார்த்தேன்.
பொய் சொல்லவில்லை.

பிறகு பழைய அம்பு:
முந்நூற்று அறுபது கிரெயின்.
இரண்டு கிரெயின் ஒரு குன்றிமணி என்று
மனம் தானாகவே மாற்றிக்கொள்கிறது.
தங்கம் நிறுத்தே பழகிய குடும்பம்.

லோர்னா ஃப்ரீசனின் கொட்டகையில்
வேகமானி சிவப்பெழுத்தில் காட்டியது:
விநாடிக்கு இருநூற்று நாற்பத்தைந்து அடி.
ஐம்பத்திரண்டு ராத்தல் இழுக்கும் பெண்ணுக்கு
அது அதிகம்தான்.
மர ஆலையில் மறுநாள்
பலகைகளுக்குத் தரம் குத்திக்கொண்டே
கேட்டவரிடமும் சொன்னேன், கேளாதவரிடமும்.

அந்தச் செப்டம்பரில்
நெச்சாக்கோ ஆற்றுக்கு மேலே
புல்வெளி முடிகிற இடத்தில்
தோள் எலும்பில் பட்டு
நான்கு விரற்கடையோடு நின்றுவிட்டது அம்பு.
மான் அதையும் சுமந்துகொண்டு ஓடியது.
இரவு மழை.
இரண்டு நாள் தேடினேன்.
காக்கைகள்கூட எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

எய்தவள் இருக்க
பனிக்காலம் முழுக்க அம்பை நொந்தேன்.

தடித்த சுவருள்ள கார்பன் தண்டு வாங்கினேன்.
முன்பக்கம் பித்தளைச் செருகி.
அதன்மேல் கனத்த இரும்பு முனை,
முன்கை மயிரை மழிக்கும் கூர்மை.
நானூற்று எழுபது.
கூடியது ஐம்பத்தைந்து குன்றிமணி,
பவுனுக்கு ஒரு கிராம் குறைச்சல்.

வேகமானி இப்போது இருநூற்றுப் பதினைந்து என்றது.
எனக்கு முகம் வாடிவிட்டது.
லோர்னா ஒன்றும் சொல்லாமல்
பனியில் நடந்துபோய்
இலக்கிலிருந்து அம்பைப் பிடுங்கப் பார்த்தாள்.
முழங்காலை ஊன்ற வேண்டியிருந்தது.

வில் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே கூலிதான் தருகிறது.
லேசானவன் அதை ஓட்டத்திலேயே தீர்த்துவிடுவான்.
கனத்தவன் மடியில் முடிந்துவைத்து
போன இடத்தில் அவிழ்ப்பான்.
வில்லும் இப்போது கத்துவதில்லை;
கனைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.
எந்த அம்பையும் முந்திப்போய்
மானின் காதில் விழுவது அந்தச் சத்தம்.

ஆனால் இவன் விழுவான்.
ஐந்து கஜம் தப்பாகக் கணித்தால்
பழையது அரைச் சாண் இறங்கும்,
இது முக்கால் சாண்.
அந்தக் கால் சாணில்
ஈரலும் இருக்கிறது, வெறுங்காற்றும் இருக்கிறது.

"உங்க ஊர்ல கறிக்கடையே இல்லையாடி?"
தொலைபேசியில் அக்கா அன்பரசி.
இருக்கிறது என்றேன்.
தராசும் இருக்குமே என்றாள்.

ஏப்ரலில் ஆற்றுப் பனி உடைந்தது.
தினமும் வேலை முடிந்து இருபது அம்பு.
அப்படி ஒரு மாலை, நாணை இழுத்து நிற்கையில்,
ஒப்புக்கொண்டேன்:
வேகம் இருக்கிறதே என்று எண்ணி
அன்று கஜத்தை எண்ணவில்லை.
இருபத்தைந்து என்றது கண்.
பிறகு கால் அளந்தபோது முப்பத்தொன்று.
அம்பு இதை எங்கே அறியும்?

இந்த ஆண்டு வயலோரம்
இருபது கஜத்தில் ஒரு கல் வைத்தேன்.
கல்லுக்கு அப்பால் நின்றது மான்.
நாணை இழுத்தேன்.
சக்கரங்கள் உருண்டு சுமையை வாங்கிக்கொள்ள
விரலில் மிச்சம் பத்து ராத்தல்.
அந்தப் பத்தும் நேரம் ஆக ஆக
நூறாகத் தொடங்கியது.
விட்டுவிடலாம் என்றது கை.
மெல்லத் தளர்த்தி இறக்கினேன்.

அரைமணி கழித்து
வேறு ஒரு மான்
கல்லை முகர்ந்துகொண்டு வந்தது.

சத்தம் கேட்டதா தெரியவில்லை.
நாலடி நடந்தது,
யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்த்தது,
முன்னங்கால்களை மடித்தது.
அம்பு அதற்கு அப்பால்
மண்ணில் நட்டுக்கொண்டிருந்தது, முழுதாக.

இரவு, கைகழுவிய பிறகு,
பழக்கதோஷம்,
அம்பைத் துடைக்காமல் தராசில் வைத்தேன்.

நானூற்று எழுபத்து மூன்று.