ஒன்பதில் நடுத்தாள்

இறப்புச் சான்றிதழில் 'இடம்' என்ற கட்டத்தில்
கி.மீ. 212 என்று இருக்கிறது.
எங்கிருந்து 212 என்று யாரும் எழுதவில்லை.

லச்சுமய்யா ஓட்டியது என் தண்ணீர் லாரி.
என் முறை அது.
நான் தங்கை கல்யாணத்துக்குக்
காவேரிப்பட்டணம் வந்திருந்தேன்.
அந்த நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்:
பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கம்பெனி மூடிவிட்டது.
தூதரகம் தன் பழைய பதிலையே
புதுத் தேதி போட்டு அனுப்புகிறது.
கைபேசியில் அந்த மலையைப் பார்த்தால்
பழுப்பு, அப்புறம் பழுப்பு,
விரலால் விரித்தால் மங்கலான பழுப்பு.
பெயர் இல்லை.

'பட்டாளத்துக்காரன்தான்யா
ஆளே இல்லாத எடத்துக்கும் பேரு வெப்பான்.
எதச் சுடறோம்னு மொதல்ல சொல்லணுமே'
என்றார் பர்கூர் டீக்கடையில் ஒருவர்.
அவர் காட்டிய வழியில் எலத்தகிரி போனேன்.

சுபேதார் அருளப்பன்,
ராணுவ வரைபடக் கிடங்கில் இருபத்தாறு வருஷம்.
எரிக்கச் சொன்ன கட்டுகளில்
ஒன்றை மட்டும் எரிக்கவில்லை, ஏன் என்று அவருக்கே தெரியாது.
சொட்டுநீருக்கு வாங்கி மிஞ்சிய பிளாஸ்டிக் குழாய்க்குள்
வெள்ளைக்காரன் காலத்துப் பாலைவனம்
சுருண்டு கிடந்தது.

எட்டுத் தாள்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
பிறகு ஆறு.

'அஞ்சா? அது துணியில ஒட்டின தாளு.
ஊற வெச்சா காகிதம் கழண்டுக்கும், துணி நல்ல துணி.
எழுபத்து மூணுல பெரியவன் பொறந்தப்ப
ஸ்டெல்லா அதுல சட்டை தெச்சா.
ரெண்டு சட்டை.'

ஆக, மலை ஒரு வாளியில் கரைந்து
இந்த முருங்கையின் அடியில்தான் கொட்டப்பட்டிருக்கிறது.
பெரியவன் ஓசூரில் டயர் கடை வைத்திருக்கிறார்.
நன்றாக இருக்கிறார்.
அவரைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது, போகவில்லை.

வேப்பனப்பள்ளி. கெம்பம்மா அப்போதுதான்
மாங்கூழ் தொழிற்சாலையிலிருந்து வந்திருந்தாள்.
நகக்கண்ணெல்லாம் மாம்பால் கறுப்பு.
சிவப்புத் தரையில் எட்டையும் விரித்தேன்,
காற்றுக்குப் பறக்காமல்
உழக்கு, செருப்பு, உப்பு ஜாடி, என் வண்டிச் சாவி வைத்து.

ஒரு மைலுக்குக் கால் அங்குலம்.
கோடுகள் நெருங்கினால் செங்குத்து என்று சொன்னேன்.
சிறிய எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினேன்:
'கிணறு, உப்பு.'
'ஒட்டகம் மட்டும்.'
'கிணறு, தொண்ணூறு அடி, நம்ப வேண்டாம்.'
எங்கள் ஊர்ப் போர்வெல்லைப் பற்றி
எவனோ எழுதின மாதிரி அவள் சிரித்தாள்.

நான்காம் தாளிலிருந்து ஒரு தடம் வந்தது.
ஆறிலிருந்து ஒன்று, இரண்டிலிருந்து ஒன்று,
எட்டிலிருந்து புள்ளிபுள்ளியாக ஒட்டகப் பாதை.
எல்லாம் ஓரம் வரை வந்து
அம்புக்குறி போட்டு நின்றுவிட்டன.
நடுவில் தரை.

'எல்லா வழியும் இங்கதான் வருது' என்றாள்.
சேலையைக் கொசுவிப் பிடித்துக்கொண்டு
தாளில் கால் படாமல் தாண்டிப் போய்
அந்தச் சதுரத்தில் உட்கார்ந்தாள்.
சம்மணம் போட இடம் சரியாக இருந்தது.

'இங்கயா?'
'ஆமா. இதுக்குள்ளதான்.'

நான் குனிந்து ஆறாம் தாளின் மூலையைத் தேடினேன்.
பட்டாளத் தாளில் ஒரு வழக்கம்:
அக்கம்பக்கத்துத் தாள்களின் பெயரை
தீப்பெட்டிப் படம் அளவுக் கட்டத்தில் போடுவார்கள்.
தாள் போனாலும் பெயர் பக்கத்து வீட்டில் இருந்தது.
ஜெபல் அபு ரிஷா.

இரண்டு தடவை தப்பாகச் சொன்னாள்.
மூன்றாவது சரியாக வந்தது.
நான்காவதில் அது கன்னடமாகிவிட்டது,
அப்படியே விட்டுவிட்டேன்.
சான்றிதழை வாங்கி 212-க்குக் கீழே
பேனாவால் எழுதினேன்,
அரசாங்கக் காகிதத்தில் எழுதக்கூடாது என்று தெரிந்தே.

வெளியே மாங்காய் லாரி ஒன்று
ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.
அது நிற்கும்வரை அவள் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, சதுரத்தை விட்டு எழாமலே,

'உங்க தங்கச்சிக்கு எத்தன பசங்க?'

'ரெண்டு' என்றேன்.