மாதிரிப் பெட்டி 14

ஹில்வியூவில், பழைய கல்குவாரிக் குட்டைக்குப் பின்னால்
எங்கள் தகரக் கொட்டகை.
மழை நாலு மணிக்கு, சொன்னபடி வந்துவிட்டது.
ஷஃபியுல் பெட்டியை இறக்குகிறான்:
அறுபதிலிருந்து அறுபத்தைந்து மீட்டர்.
பாறைத்தண்டுகள் வரிசையாக,
ஈரத்தில் மட்டும் கொஞ்சம் அழகாக.

ரயிலுக்காகத் துளைத்தது இது.
கிடைப்பது கிரானைட். எப்போதும் கிரானைட்.
சாம்பல் நிறம், நடுத்தர மணி,
மிளகைத் தட்டித் தூவினாற்போல் கறுப்பு மைக்கா.
வயது இருபத்து மூன்று கோடி.
நான் பிறந்த ஊர்ப் பாறைக்குப் பக்கத்தில் வைத்தால்
இன்னும் பல் முளைக்காத பிள்ளை.

அறுபத்திரண்டு புள்ளி நாலில் ஒரு விரிசல்.
விரல் தடிமனில் வெள்ளைக் குவார்ட்ஸ் ஓடி
அதன் விளிம்பில்
மினுக்கென்று மஞ்சள்.

"மேடம், ஷோனா?" என்று குனிந்தான்.
எனக்குத் தெரியாத மொழியில் எனக்குத் தெரிந்த சொல்.

பீங்கான் தகட்டில் தேய்த்தேன்.
கரும்பச்சைக் கோடு.
பைரைட். இரும்பும் கந்தகமும்.
மூலை பிசகாத கட்டம் கட்டமாய்,
யாரோ அளந்து வெட்டினாற்போல்.
தங்கத்துக்கு இந்த ஒழுங்கெல்லாம் கிடையாது.
அவன் நம்பவில்லை.
மோதிரத்தைக் கழற்றி அதே தகட்டில் இழுத்தேன்:
மஞ்சள்.
சிராங்கூன் ரோட்டில் தவணையில் வாங்கிய நாலு கிராம்,
916.

கோலாரில் அப்பா இறங்கிய குழியில், கடைசிக் காலத்தில்,
ஒரு டன் கல்லுக்கு மூன்று கிராம்.
அப்படியானால் என் விரலில்
ஒரு டன்னுக்கு மேலே கல் இருக்கிறது.
மிச்சமெல்லாம் எங்கே போனது என்று கேட்டால்
எனக்கு இரண்டு இடம் தெரியும்.

ஒன்று, எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் சயனைடு மேடு.
காற்றடித்தால் சோற்றில் நறநறக்கும்.
மற்றதைப் போன வியாழக்கிழமை
நொவீனாவில் பார்த்தேன்.

டாக்டர் க்வெக் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.
அங்கிளுக்குக் குவாரி வேலையா?
சாம்பல் பின்னணி. மேல்பாதியில் வெண்மணிகள்,
ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர்,
வலப்பக்கம் திரண்டு கட்டியாய்.
கை தானாக நோட்டைத் தேடியது.
அப்படித்தான் எழுதிப் பழக்கம்:
நிறம், மணி அளவு, சிதைவு, விரிசல்.
ஆழம் என்ற கட்டத்தில்
இரண்டாயிரத்து எழுநூறு மீட்டர் என்று போடலாமா?

அப்பா சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே
இங்கே கார் நிறுத்த மணிக்கு எவ்வளவு என்றார்.

பொன் தனியாக வருவதில்லை.
சுடுநீரில் கரைந்து, பாறை பிளந்த வழியில்
சிலிக்காவோடு ஏறி வந்து
ஆறும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இறுகும்.
பிரிக்க வேண்டுமென்றால் உடைக்க வேண்டும்,
மாவாக.
மாவு காற்றில் நிற்கும்.
காற்றை ஆள் இழுத்தாக வேண்டும்.

நகைக்கடை ரசீதைத் தேடி எடுத்துப் பார்த்தேன்.
செய்கூலி இருந்தது. சேதாரம் இருந்தது,
எட்டு சதவீதம்.
யாருடைய சேதாரம் என்று
கேட்க நினைத்து, யாரிடம் கேட்பதென்று தெரியாமல்
மடித்து வைத்துவிட்டேன்.

"பைரைட், சிறிதளவு" என்று எழுதினேன்.
ரயிலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.
ரொஸிடா வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

சோதனைச்சாலைக்கு அனுப்ப
நாலாவது தண்டை அறுக்க வேண்டும்.
ஷஃபியுல் ரம்பத்தை முடுக்கினான்.
தண்ணீர்க் குழாய் மூடிக் கிடந்தது, மழைதானே பெய்கிறது என்று.
மாஸ்க் தாடையில்.

குழாயைத் திறந்தேன்.
வெள்ளைத் தூள் சேறாகிக்
காலடியில் வழிந்து வாய்க்காலைத் தேடிற்று.
மாஸ்கை மேலே ஏற்று என்றேன்.
ரம்பச் சத்தத்தில் கேட்கவில்லை போல.
மறுபடி சொன்னேன்,
கொட்டகையே திரும்பிப் பார்க்கும்படி.