கல் உள்ளது

ஜமாபந்திக்கு இன்னும் பதினெட்டு நாள்.
எல்லைக் கற்கள் எல்லாம் இருப்பதாக
அதற்குள் ஒருவர் எழுதித் தர வேண்டும்.
ஆறு பசலியாக அந்த ஒருவர் நான்.

பள்ளிப்பட்டு, நில அளவைப் பிரிவு.
மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க
கிராம வரைபடத்தின் நான்கு மூலையிலும்
ஸ்டாம்ப் பேடு, பஞ்சிங் மெஷின்,
மனுக் கொடுக்க வந்தவர் மறந்துபோன ஹெல்மெட்,
என் டிபன் பாக்ஸ்.

ஐந்து ஆண்டும் இந்த மேசையிலிருந்தே எழுதினேன்.
முதல் கல்லுக்கு நேரே 'உள்ளது'.
அதன்கீழ் பக்கம் முடியும்வரை
மேற்படி, மேற்படி, மேற்படி.
நாற்பத்தேழாம் கல்லும் ஒரு மேற்படி.
அதை நான் பார்த்ததே இல்லை.

நகரிப் பக்கம் புதிதாய் வேலைக்குச் சேர்ந்தவள்
ஹிமபிந்து என்று பெயர் சொல்லி
போனில் கேட்டாள்:
'அக்கா, மீ நலபை ஏடு எக்கட?'
அவளுக்கு வயது இருபத்து மூன்று இருக்கும்.
உண்மையாகவே தேடியிருக்கிறாள்.

மறுநாள் காலை வெயில் ஏறுமுன்
சங்கிலியை நாகபூஷணம் தோளில் போட்டுக்கொண்டார்.
நகரி மலையின் மூக்கைக் குறியாய் வைத்து
நாற்பத்தாறிலிருந்து இழுத்துக்கொண்டே போனோம்,
கரும்புக்குள், முள்ளுக்குள், ஒரு கல்யாண மண்டபத்தின்
சமையற்கட்டுக்குள்.
கணக்குப்படி கல் நிற்க வேண்டிய இடம்
சாலையோரச் சாக்கடைக்கு இப்பால்.
கடப்பாரை போட்டதில் கிடைத்தவை
ஒற்றைச் செருப்பு, பீர் பாட்டில் இரண்டு,
நல்ல செம்மண்.

வண்டிக்குக் காற்றடிக்கப் போன நாகபூஷணம்
அங்கிருந்தே கை தட்டினார்.
ஷேக் மஸ்தானின் பஞ்சர் கடை.
கடை ஆந்திராவில். காற்றுக் குழாய் தமிழ்நாட்டில்.
கம்ப்ரஸருக்கு அடியில், கிரீஸ் பூசிய கருங்கல்,
அம்புக்குறி, நாலு, ஏழு.

'ரோடு போட்டப்ப ஜேசிபி தூக்கி எறிஞ்சுது மேடம்.
சும்மா கெடந்துச்சு.
எடுத்து வேலை கொடுத்தேன்.
இது இல்லேன்னா மிஷின் நடக்க ஆரம்பிச்சுடும்.'

சட்டத்தில் இதற்கு அபராதம் உண்டு.
வாய் வரை வந்தது.
இருந்த இடத்தில் எதையும் இருக்கச் செய்வதுதானே
அந்தக் கல்லுக்குச் சர்க்கார் கொடுத்த வேலை.
அதை அது விடவில்லை.
ஆறு ஆண்டில் அது செய்த அளவு
நான் செய்யவில்லை.

ஸ்கூட்டியில் வந்தாள் ஹிமபிந்து,
முதுகில் கம்பு, கம்பு நுனியில் காளான் போலக் கருவி.
அவளுடையது வானத்துக் கணக்கு.
என்னுடையது சங்கிலி, வியர்வை, எண்பது வருடத்துப் புலப்படம்.
இரண்டு புள்ளிக்கும் இடையே மூன்று சாண்.
அந்த மூன்று சாணில்
ஓர் ஆடு படுத்திருந்தது.

இரண்டு பேரும் கையெழுத்திடாமல் கல் ஊன்ற முடியாது.
டீ வந்தது. குடித்தோம்.
அவள் தமிழை அவள் உடைத்தாள், என் தெலுங்கை நான்.
மூன்று சாணுக்காக ஹைதராபாத்துக்கும் சென்னைக்கும்
கடிதம் எழுதலாம்.
பதில் வரும்போது ஆட்டுக்குப் பேரன் பிறந்திருப்பான்.

ஆட்டை எழுப்பினோம்.
அது படுத்திருந்த மண் இன்னும் வெதுவெதுப்பாய் இருந்தது.
அங்கேயே குழி. அங்கேயே புதுக்கல்.
மஸ்தான் தண்ணீர் ஊற்றினார், கூலி கேட்கவில்லை.
பழையதன் எண்ணை உளியால் அழிக்கச் சொன்னேன்.
'ஆகட்டும்' என்றார். 
அழிக்க மாட்டார், தெரியும்.

ஷாமியானாவுக்குக் கீழே ஜமாபந்தி.
முதியோர் பென்ஷன் வரிசை வாசல் தாண்டி நின்றது.
பதிவேட்டைப் புரட்டாமலே அதிகாரி கேட்டார்:
'கல்லெல்லாம் இருக்காம்மா?'
'இருக்கு சார். ஒண்ணு கூடுதலாவே இருக்கு.'
மைக் கிறீச்சிட்டதில் அவர் காதில் விழவில்லை.
பச்சை மையில் கையெழுத்து விழுந்தது.

நாற்பத்தேழு: உள்ளது.
என் கையெழுத்திலேயே அந்தச் சொல் கொஞ்சம் பெரிது.
நாற்பத்தெட்டு: மேற்படி.
ஏரிக்கு அந்தப் பக்கம் என்கிறார்கள்.
இன்னும் போகவில்லை.