சொரசொரப்பு என்றால் சிவப்பு

பத்தொன்பது டிசம்பர், நான் மாட்டிக்கொள்ளவே இல்லை.
ஜெலுத்தோங் அடுக்குமாடி, பதினோராம் தளம்.
நாற்காலிமேல் நின்றபடி ஜெசிந்தா
கையை மட்டும் பின்னால் நீட்டுவாள்:
சிவப்பு.
பெட்டிக்குள் விரல்விட்டுத் துழாவுவேன்.
மினுக்குத் தூள் ஒட்டிச் சொரசொரத்தால் சிவப்பு,
வழுக்கினால் பச்சை.
பொன்நிறம் மட்டும் கண்ணுக்கே தெரியும்.

அவளுக்கு எல்லாம் கணக்கு.
ஒரு சிவப்பு, ஒரு பொன், இடையில் பச்சை நாடா.
கீழே பெரியது, மேலே போகப்போகச் சிறியது.
ஒரே நிறம் இரண்டு பக்கம்பக்கமாய் வந்துவிட்டால்
நற்கருணை வாங்கப் போகும் முகத்தோடு
இறங்கி வந்து மாற்றுவாள்.
கடைசியில், "எடுப்பா இருக்குல்ல?" என்பாள்.
எடுப்பாகத்தான் இருக்கிறது என்பேன்.
எனக்கு அங்கே
மழையில் நனைந்த மண்மேடு,
அதில் கொஞ்சம் பொன்.

இருபத்திரண்டு வயதில்
ரயில் ஓட்டும் வேலைக்குப் போனேன்.
பட்டர்வொர்த்தில் ஒரு டாக்டர்
புள்ளி புள்ளியாய் ஒரு புத்தகத்தை விரித்து
உள்ளே என்ன எண் என்றார்.
எண்ணா? என்றேன்.
அடுத்த பக்கம். அடுத்த பக்கம்.
பேனாவை மூடிய சத்தம்தான் முடிவு.
உயரம் போதாதாம் என்று வீட்டில் சொன்னேன்.
ஐந்தடி ஒன்பது அங்குலம் நான்.
எல்லோரும் நம்பினார்கள்.
அப்பா மட்டும்
என் தலை இடிக்கும் நிலைப்படியை
ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு படகுத்துறையில் சீட்டுக் கவுண்டர்.
பத்து வெள்ளி சிவப்பாம், ஐந்து வெள்ளி பச்சையாம்.
நல்லவேளை, எண் போட்டிருக்கிறார்கள்.

இந்த வருஷம்
உருண்டைகள் எல்லாம் உரிந்துபோச்சு என்று
சௌரஸ்தா சந்தைப் பக்கம் போய்
புதுப்பெட்டி வாங்கி வந்தாள்.
அத்தனையும் வழவழப்பு.

சிவப்பு என்றாள். கொடுத்தேன்.
திரும்பிப் பார்த்தாள்.
சி-வப்-பு, பாலர்பள்ளி டீச்சர் மாதிரி.
இன்னொன்று கொடுத்தேன்.
மூன்றாவதற்கு நாற்காலியை விட்டு இறங்கிவிட்டாள்.

சிரிப்பாள் என்று நினைத்தேன்.
அழுதுவிட்டால் என்ன செய்வது என்றும்.
அவள் கேட்டது வேறு:
"அப்போ சிக்னல்?
டெரன்ஸைப் பின்னாடி வச்சுக்கிட்டு
எத்தனை வருஷம் மோட்டார் ஓட்டினீங்க?"
மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ என்றேன்.
அன்று ராத்திரி குழம்பில் உப்பு இருந்தது.
பேச்சுதான் இல்லை.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள்.
காசு திரும்பாது, வேண்டுமானால் மாற்றிக்கொள் என்றாளாம்
கடைக்காரச் சீனத்தி.
யாரும் தொடாமல் மூலையில் கிடந்ததாம்,
அறுபது உருண்டை:
பாதி நீலம், பாதி மஞ்சள்.
கணக்கை முதலிலிருந்து போட்டாள்.
ஒரு நீலம், ஒரு மஞ்சள், நடுவே வெள்ளை நாடா.

பலகாரத் தட்டைத் திருப்பித் தர வந்த
எதிர்வீட்டு ரொக்கையா அக்கா
வாசலிலேயே நின்றுவிட்டார்.
"அலாமாக், பினாங்குக் கொடி!
பாக்குமரத்தைத்தான் மாத்திட்டீங்க."
ஜெசிந்தாவின் முகம் சுருங்கியது.
ஒரு உருண்டையைக்கூடக் கழற்றவில்லை.

விளக்கை அணைத்துவிட்டு
மரத்தின் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம்.
"மரம் என்ன நிறமாத் தெரியுது?"
"புளி."
"புளியா?"
"பழைய புளி."
"அப்போ பாலன் பிறப்புக்கு
இத்தனை வருஷமாப் புளியமரம்."
சிரித்தாள். கோபம் முழுக்கப் போன சிரிப்பில்லை.

கொஞ்ச நேரம் கழித்து,
"என் கூறைப்புடவை?"

சிவப்பு என்று
ஆல்பம் பார்த்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.
"சரிகை தெரிஞ்சது" என்றேன்.
"கோயில் வாசல்லேர்ந்து பீடம் வரைக்கும்
சரிகை மட்டும் நடந்து வந்தது."

அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
எழுந்து போனாள். கீழ்க்கிளையில்
இரண்டு மஞ்சள் பக்கம்பக்கமாய்த் தொங்குவதை
இப்போதுதான் பார்த்தவள் போல் ஒன்றைக் கழற்றினாள்.
கையைப் பின்னால் நீட்டினாள்.

நீலம்.