அரைத் திருகு

ஆனித் தேர் நிலைக்கு வந்த மூன்றாம் நாள்
கூடாரக் கம்பி சரிந்து அவர் கணுக்கால் போயிற்று.
ஹைகிரவுண்டில் மாவுக்கட்டு.
துப்பாக்கி என் கைக்கு வந்தது அப்படித்தான்.

பன்னிரண்டு வருசமாய் பலூன் ஊதியவள் நான்.
சுடக் கொடுப்பது அவர், காசு வாங்குவது அவர்.
எங்கள் கடையில் குண்டு எப்போதும் இடப்பக்கம் போகும்.
“செங்கோட்டைக் காத்து அப்படில்லா அடிக்கி” என்பார்
தோற்றவனிடம், முகம் மாறாமல்.
பத்தடி தூரத்துக்குள் என்ன காற்று!

ராத்திரி தார்ப்பாய்க்குள் பல்பைத் தாழ்த்தி
அதைப் பிரித்தேன்.
பேட்டை பட்டறை சுடலைக்கண்ணு தந்த இறுக்கியை
ஒவ்வொரு சுற்றாய்த் தளர்த்தத் தளர்த்த
சாண் நீளத்துக்குச் சுருள்வில் வெளியே வந்தது,
நெடுநேரம் வரிசையில் நின்றவள்
கால் நீட்டி உட்கார்வதுபோல.

கண்ணாடித் துண்டில் உருட்டினால் நொண்டுகிறது.
தோல் வாசர் அப்பளமாய்க் காய்ந்திருக்கிறது.
கட்டையைப் பிடிக்கும் திருகுகள் மூன்றும்
விழப்போகிற பால்பல்.
தூண்டில் நரம்பில் பனியன் துணி முடிந்து
குழலுக்குள் விட்டு இழுத்தேன்:
கறுப்பு. கறுப்பு. சாம்பல். ஒன்றுமில்லை.

தையல் மிஷின் எண்ணெய் வாசருக்கு மூன்று சொட்டு,
நாலாவது விட்டால் புகையும்.
வேறு வில், அதற்குக் கெட்டிக் கிரீஸ்.
கலர் டின்னை வெட்டி நடுக்கம்பிக்கு உறை போட்டதும்
‘ஙொய்ங்’ என்று வருசக்கணக்காய் முனகியது
வாயை மூடிக்கொண்டது.
சோற்றுத் தட்டில் குண்டுகளைக் கொட்டி
நசுங்கியதை எல்லாம் கல் பொறுக்குவதாய்ப் பொறுக்கினேன்.

அப்படியும் சிதறியது.
இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க மோசம்.
குண்டு வாயைத் தாண்டுமுன்னே உள்ளே
பின்னால் ஒரு குதி, முன்னால் ஒரு குதி.
சரி குதித்துக்கொள் என்று
விரித்த உள்ளங்கையில் சும்மா வைத்தேன்,
அடுத்த வீட்டுப் பிள்ளையை ஏந்துவதுபோல.
அட்டையில் ஐந்து துளை,
ஒரே ஐந்து ரூபாய் வட்டத்துக்குள்.
நாலு விரற்கடை இடப்பக்கம்.

அப்போதுதான் பின்குறியின் திருகைப் பார்த்தேன்.
ஓரத்தில் சிவப்பாய் ஒரு புள்ளி,
என் நகப்பாலிஷ்.
பிசகாமல் பிசகுவதற்கு
அவர் வைத்த அடையாளம்.
நடுவுக்குத் திருப்பினேன்.

மறுநாள் மேலப்பாளையத்திலிருந்து நாலு பெண்கள்.
பீடி சுற்றும் விரல்கள்.
நூர்நிஷா என்று மற்றவர்கள் கூப்பிட்டவள்
துப்பாக்கியைப் பிடிக்கவே இல்லை, தொட்டாள்,
இலையைத் தொடுகிற அளவுக்கு.
பத்துக்குப் பத்து.
ஹாட்பாக்ஸை வாங்கி மூடியைத் திறந்து மூடிப் பார்த்து
“இது சூடு நிக்குமா?” என்று கேட்டாள்.
எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர்: “எத்தன போச்சு?”
“பலூன் நாப்பத்தாறு. ஹாட்பாக்ஸ் மூணு.”
“காத்து இல்லியோ?”
“இருந்துச்சு.”
ஆரஞ்சை உரித்துக் கையில் கொடுத்தேன்.
வேறு எதுவும் கேட்கவில்லை அவர்.

இன்று கடை திறக்குமுன்
திருப்புளியை எடுத்தேன்.
அறை வாடகை இருக்கிறது, மாத்திரைச் சீட்டு இருக்கிறது.
சிவப்புப் புள்ளிவரை போகவில்லை.
அரைத் திருகு.

நூர்நிஷா வந்தால்
இரண்டாவது குண்டிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.